வைரஸ் செல்லோடு கலப்பதைத் தடுக்கும் மாத்திரை ஏன் கடையில் இல்லை?

கேள்வி, 2024 நவம்பர் 8

வைரஸ் செல்லுக்குள் போனால்தானே நோய்? வாசலிலேயே நிறுத்த ஒரு மாத்திரை போதாதா? ஊசி வேண்டாம், ஆன்டிபாடி வேண்டாம், விழுங்கக்கூடிய சின்ன மூலக்கூறு. எய்ட்ஸுக்கு இத்தனை மருந்து கண்டுபிடித்தவர்களுக்கு இது தோன்றவில்லையா, இல்லை கம்பெனிகள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

2024 நவம்பர் 8, இரவு

தோன்றியது. நிறையப் பேருக்குத் தோன்றியது. 2009 முதல் நாலு வருடம் எனக்கே அதுதான் வேலை. கம்பெனிகள் மேல் பழி போடும் முன் கொஞ்சம் பொறுங்கள், இதில் அவர்கள் கொட்டிய பணத்தைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும். தூக்கம் வருகிறது, மீதி நாளை.

2024 நவம்பர் 9

முதலில் அந்த 'வாசல்' உவமையை விடுங்கள். வாசலைப் பூட்டுவது வேறு வகை மருந்து. எச்ஐவிக்கு மராவிரோக் என்ற மாத்திரை 2007 முதல் இருக்கிறது. நம் செல்லின் மேலுள்ள சிசிஆர்5 என்ற பிடியை அது மூடிவிடும், வைரஸுக்குப் பிடிக்க இடம் இருக்காது. அது பூட்டு.

நான் வேலை பார்த்தது அதற்கு அடுத்த கட்டத்தில். வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃப்ளூ, ஆர்எஸ்வி, எச்ஐவி, எபோலா, கொரோனா எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு. நம் செல்லுக்கும் உண்டு. இரண்டும் கலந்தால்தான் உள்ளே இருக்கும் சரக்கு இறங்கும். ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் சேர்வதுபோல என்று நினைக்கலாம், ஆனால் இவை தானாகச் சேராது. நடுவில் இருக்கும் தண்ணீர் விடாது. யாராவது இரண்டையும் பலமாக இழுத்து நெருக்கவேண்டும். அதற்குத்தான் வைரஸ் தன் மேலே ஒரு புரதத்தை வைத்திருக்கிறது.

வீட்டில் எலிப்பொறி வைத்தவர்களுக்கு அந்தப் புரதம் சட்டென்று புரியும். கம்பியை இழுத்துக் கொக்கியில் மாட்டி, ஒரு தேங்காய்ச் சில்லு வைத்துவிட்டுப் போய்ப் படுப்போம். விறைப்பு முழுக்கக் கம்பியிலேயே இருக்கும். தொட்டால் பட்டென்று அடிக்கும். அடித்த பிறகு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. ஃப்ளூவின் மேலுள்ள ஹீமக்ளுட்டினின் என்ற புரதம் அச்சாக அப்படித்தான். செல் வைரஸை ஒரு பைக்குள் விழுங்குகிறது, பைக்குள் அமிலம் ஏறுகிறது, பிஎச் சுமார் 5 வந்ததும் பொறி அடிக்கிறது. உள்ளே மடங்கிக் கிடந்த ஒரு முனை சுமார் 10 நானோமீட்டர் பாய்ந்து செல்லின் சவ்வில் குத்துகிறது. அப்புறம் புரதம் இரண்டாக மடிந்து இரு சவ்வுகளையும் ஒன்றோடு ஒன்று இழுக்கிறது.

இந்தப் பொறியை அடிக்கவிடாமல் செய்வதுதான் இணைவுத் தடுப்பு மருந்து. கம்பிக்கும் கொக்கிக்கும் இடையில் ஒரு சின்ன ஆப்பு. (ஆம், வைரஸுக்கே ஆப்பு. இந்த நகைச்சுவையை எங்கள் ஆய்வகத்தில் நாலு வருடத்தில் நானூறு முறை சொல்லியிருப்போம்.)

இதுவரை அங்கீகாரம் பெற்றது ஒன்றே ஒன்று: எச்ஐவிக்கான என்ஃபுவிர்டைடு, 2003.

2024 நவம்பர் 9, மாலை

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு "அதை எங்கே வாங்கலாம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அது மாத்திரை இல்லை. 36 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு. விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். தினம் இரண்டு வேளை தோலுக்கடியில் 90 மில்லிகிராம் குத்திக்கொள்ள வேண்டும். குத்திய இடம் கட்டிகட்டியாக வீங்குவது அநேகமாக எல்லாருக்கும் வந்தது. தயாரிக்க 106 படிகள், வந்த புதிதில் அமெரிக்க விலை ஆண்டுக்கு 20,000 டாலர் அளவில். வேறு எந்த மருந்தும் கேட்காமல் போனவர்களுக்கு அது உயிர் காத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கேட்ட 'சின்ன மூலக்கூறு' அது அல்ல. நான் அதை அந்த இடத்தில் எழுதியிருக்கக் கூடாது.

2024 நவம்பர் 11

இன்னொரு திருத்தம், இது வெட்கக்கேடான திருத்தம். 'ஒன்றே ஒன்று' என்று எழுதினேனே, அர்பிடாலை எப்படி மறந்தேன்?

உமிஃபெனோவிர் என்பது வேதிப்பெயர், அர்பிடால் என்பது கடைப்பெயர். சோவியத் காலத்து மருந்து. ரஷ்யாவில் 1990களிலிருந்து ஃப்ளூவுக்கு விற்கிறார்கள், சீட்டில்லாமலே. சீனாவிலும் உண்டு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அதனால் அந்தப் பக்கத்துச் சஞ்சிகைகளையே படித்து வளர்ந்த என்னைப் போன்றவர்கள் பட்டியல் போடும்போது அது விடுபட்டுப்போகும். 2017-ல்தான் அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ராமேஸ்வர் கடமும் இயன் வில்சனும் அது ஹீமக்ளுட்டினினில் எங்கே உட்காருகிறது என்று படிக அமைப்பில் (புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் பார்க்கும் படம்) காட்டினார்கள். மூன்று கால் உள்ள அந்தப் புரதத்தின் தண்டில், இரண்டு கால்கள் ஒட்டும் இடுக்கில், எண்ணெய்ப்பசை விரும்பும் ஒரு பொந்து. அதில் போய் அடைத்துக்கொண்டு கால்களைப் பிரியவிடாமல் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது.

ஆப்புதான். ஆனால் கொஞ்சம் லூஸான ஆப்பு. பிடிப்பு மைக்ரோமோலார் அளவில்தான், நல்ல மருந்துக்கு இதைவிட நூறு மடங்கு இறுக்கம் எதிர்பார்ப்போம். 2020 ஜூனில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கொரோனாவுக்குச் சோதிக்க அனுமதி வாங்கியபோது அப்பாவுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். "இது உன் ஆப்பு மருந்துதானே, வாங்கி வைக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

2024 நவம்பர் 12

ஃப்ளூவின் பொறியைப் பிடிக்கும் பொருள் ஒன்று சிப்ஸ் பாக்கெட்டிலேயே இருக்கிறது என்று நான் முன்பு ஒருவரிடம் சொன்னதை இங்கே கிளறிவிட்டிருக்கிறார்கள். சரி.

கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டோ நூடுல்ஸ் பாக்கெட்டோ இருந்தால் பின்பக்கம் திருப்புங்கள். பொடி எழுத்தில் பாமாயில் என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'ஆன்டிஆக்ஸிடன்ட் 319' என்று இருக்க வாய்ப்பு அதிகம். 319 என்பது டிபிஎச்க்யூ. எண்ணெய் காறிப்போகாமல் காப்பது. அதே பொருள்தான் ஃப்ளூவின் ஹீமக்ளுட்டினினிலும் ஒட்டிக்கொண்டு பொறியை அடிக்கவிடாமல் பிடிக்கிறது. 1993-லேயே கணினியில் தேடிப் பிடித்த பொருள்களின் வழியாக வந்தது. எங்கே ஒட்டுகிறது என்று 2008-ல் படிக அமைப்பு வந்தது. அர்பிடால் உட்காரும் இடமும் கிட்டத்தட்ட அதே பொந்துதான்.

ஆகவே சிப்ஸ் தின்றால் ஃப்ளூ வராதா? வரும். தாராளமாக வரும். ஆய்வகத் தட்டில் வேலை செய்யும் செறிவு வேறு. வயிற்றுக்குப் போய் ஈரல் அதை உருமாற்றி வெளியே தள்ளிய பிறகு மூக்குச் சவ்வில் மிஞ்சுவது வேறு. எண்ணெய் கிலோவுக்கு 200 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஒரு பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

2024 நவம்பர் 16

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊர், ஆய்வகம் பெயர் வேண்டாம்.

எங்களுடையது ஆர்எஸ்வி. குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு கொண்டுவரும் வைரஸ். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து வைரஸை விடுவோம். இரண்டு நாளில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய கட்டியாகிவிடும். சின்சிட்டியா என்போம். இட்லித் தட்டில் மாவு கொஞ்சம் கூடிப்போனால் குழி வழிந்து பக்கத்து இட்லியோடு ஒட்டிக்கொள்ளுமே, நுண்ணோக்கியில் அப்படியே இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு மூலக்கூறு. எந்தக் குழியில் இட்லி தனித்தனியாக நிற்கிறதோ அதுதான் நாம் தேடுவது. ஒரு நாளைக்குப் பத்து தட்டு பார்ப்பேன். கழுத்து போய்விடும்.

2011-ல் ஒரு குழி கிடைத்தது. ஆரஞ்சு நிறப் பொடி, ரோடனின் என்ற வேதிப்பொருளின் குடும்பம். ஆர்எஸ்வி நின்றது. பக்கத்து அறையில் ஃப்ளூ வைத்திருந்தவரிடம் கொடுத்தேன், அதுவும் நின்றது. சவ்வு இல்லாத வைரஸில் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. இதைவிடத் துல்லியமாக என்ன வேண்டும்? கைடு மைசூர்பாகு வாங்கிவந்தார். 2010-ல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு எல்ஜே001 என்று கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்றைப் பிரசுரித்திருந்தது. எச்ஐவி, எபோலா, நிபா, சவ்வுள்ள எல்லாவற்றையும் அது நிறுத்தியது. "பாத்தியா, நம்மது நிஜம்" என்றார் கைடு.

அப்புறம் ஹூடில், அதாவது செல்களைக் கையாளும் கண்ணாடிப் பெட்டியில், டியூப்லைட் பியூஸ் போனது. புது டியூப் வாங்க இண்டென்ட் போட்டு, கையெழுத்து வாங்கி, மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வராந்தா வெளிச்சத்தில் அரைகுறையாக வேலை பார்த்தேன், என் ஆரஞ்சுப் பொடி செத்துப்போனது. ஒரு குழிகூட நிற்கவில்லை. கரைசல் கெட்டுவிட்டது என்று புதிதாகக் கரைத்தேன். செல் கெட்டுவிட்டது என்று புதிதாக எடுத்தேன். டியூப் வந்த மறுநாள் பொடிக்கு உயிர் வந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை! என் கை ராசி என்று நினைத்தேன்.

2013-ல் அதே கலிஃபோர்னியாக் குழுவே உண்மையைச் சொன்னது. எல்ஜே001-க்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் பட்டால் அது சுற்றியுள்ள ஆக்சிஜனை உசுப்பிவிடும், அந்த ஆக்சிஜன் வைரஸ் சவ்வின் கொழுப்பைக் கெடுத்து விறைக்கச் செய்யும். நம் செல்லுக்குச் சவ்வைப் பழுதுபார்க்கத் தெரியும், வைரஸுக்குத் தெரியாது, அதனால் செல் பிழைக்கிறது, வைரஸ் பிழைப்பதில்லை. அழகான வேதியியல். ஆனால் நுரையீரலுக்குள் டியூப்லைட் கிடையாதே. அந்த வருடமே நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

2024 நவம்பர் 17

மேலே எழுதியதை இப்போது படிக்கும்போதுதான் தட்டுகிறது. 319 எண்ணெய் காறாமல் காக்கிறது, பொறியையும் பிடிக்கிறது. எல்ஜே001 வைரஸின் எண்ணெயைக் காறவைத்துக் கொல்கிறது. ஒரே கடைசி விளைவுக்கு நேர் எதிரான இரண்டு வழி. இத்தனை வருடமாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

2024 நவம்பர் 20

குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றி ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: அதுவும் அமிலத்தைக் குறைத்துப் பொறியை அடிக்கவிடாமல் செய்வதுதானே, 2020-ல் கொரோனாவில் ஏன் கைவிட்டது?

நல்ல கேள்வி. தட்டில் வேலை செய்தது உண்மை. ஆனால் தட்டில் இருந்தவை வீரோ செல்கள், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. அங்கே கொரோனா அமிலப் பை வழியாகத்தான் போயாகவேண்டும். நம் நுரையீரல் செல்லின் மேல் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற கத்தரி இருக்கிறது. அது வைரஸின் புரதத்தை வாசலிலேயே வெட்டிவிடும், அமிலம் தேவையே இல்லை. 2020-லேயே ஜெர்மனியில் நுரையீரல் செல்லில் போட்டுப் பார்த்தார்கள், குளோரோகுயின் நிறுத்தவில்லை. அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பலனில்லை என்று பிரிட்டனின் பெரிய சோதனை சொன்னது. ஆள் போகாத கொல்லைக் கதவைக் காவல் காத்திருக்கிறோம்.

(வாசல் உவமையை விடச் சொன்னது நான்தான். தெரியும்.)

2024 நவம்பர் 21

ஐபுப்ரோஃபென் எபோலாவைத் தடுக்குமாமே என்று தலைப்பு பார்த்தவருக்கு: ஒட்டும், லேசாக. 2016-ல் எபோலாவின் மேற்புரதத்தில் டொரெமிஃபீன் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து உட்கார்ந்திருந்த படிகத்தைப் பார்த்தார்கள், அதே பொந்தில் ஐபுப்ரோஃபெனும் உட்கார்ந்தது, ஆனால் பிடிப்பு ரொம்பக் குறைவு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அர்பிடால் பொறியை இறுக்கிப் பிடிக்கிறது, டொரெமிஃபீன் தளர்த்திவிடுகிறது. எலி வரும் முன்பே குச்சியால் தட்டி அடிக்க வைத்துவிட்டால் அந்தப் பொறியும் அன்றைக்கு வீண்தான்.

2024 டிசம்பர் 3

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. அக்காவின் நாலு மாதக் குழந்தைக்கு ஆர்எஸ்வி. ஆம், அதேதான்.

திங்கள் மூக்கு ஒழுகியது. புதன் இருமல். வெள்ளி மதியம் பால் குடிக்கவில்லை, மூச்சு விடும்போது விலா எலும்புக்கடியில் குழி விழுந்தது. அன்று இரவு சேர்த்தார்கள். ஆக்சிஜன், மூக்கை உறிஞ்சி எடுப்பது, சொட்டு நீர். அவ்வளவுதான் சிகிச்சை, உலகத்தில் எங்கே போனாலும் பெரும்பாலும் அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்கு அக்கா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "டேய், நாலு வருஷம் இந்தக் கிருமியத்தானடா பாத்துக்கிட்டிருந்த? ஒரு சொட்டு மருந்து சொல்லத் தெரியலையா உனக்கு?"

தெரியவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று, நன்றாக இருக்கிறாள்.

2024 டிசம்பர் 5

அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். முதல் கேள்வி கேட்டவருக்கும் உண்மையான பதில் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நவம்பரில் எழுதியதெல்லாம் பொறி எப்படி வேலை செய்கிறது என்பது. மருந்து ஏன் இல்லை என்பதை நான் சொல்லவே இல்லை.

ஆர்எஸ்விக்கு அருமையான ஆப்புகள் இருக்கின்றன. அர்பிடால் மாதிரி லூஸ் இல்லை, நானோமோலாருக்கும் கீழே (இந்த எண் சிறிதாகச் சிறிதாகப் பிடி இறுக்கம்). பிரெசடோவிர் என்று கிலியட் கம்பெனி செய்தது. 2014-ல் வெளியான ஒரு சோதனையில் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸை வேண்டுமென்றே விட்டு, தொற்று தெரிந்ததும் மருந்து கொடுத்தார்கள். சளியைத் துடைத்த காகிதங்களையெல்லாம் சேகரித்து எடை போட்டார்கள். மருந்து எடுத்தவர்களிடம் சராசரி 6.9 கிராம் சளி, எடுக்காதவர்களிடம் 15.1 கிராம். வைரஸின் அளவும் பல ஆயிரம் மடங்கு குறைவு. படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. அப்புறம் அதே மருந்தை ஆர்எஸ்வியோடு மருத்துவமனையில் படுத்திருந்த பெரியவர்களுக்கும் மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்கும் கொடுத்தார்கள். எதிர்பார்த்த பலன் தெரியவில்லை.

ஏன்? திங்கள், புதன், வெள்ளி. வெள்ளி இரவு குழந்தைக்கு மூச்சு முட்டும்போது வைரஸ் நுழையவேண்டிய செல்களில் பெரும்பங்குக்குள் நுழைந்து முடித்திருக்கும். அடித்து முடித்த பொறியில் ஆப்பு வைத்து என்ன? அப்போது மூச்சுக்குழலை அடைப்பது செத்த செல்லும் வீக்கமும் சளியும். இந்த மருந்தைத் திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். மூக்கு ஒழுகும் எந்தக் குழந்தையின் அம்மா திங்கட்கிழமை ஆர்எஸ்வி டெஸ்ட் எடுக்கிறாள்?

ஜான்சன் நிறுவனம் ரிலெமடோவிரைப் பாதியில் நிறுத்தியது. சிசுனடோவிர் வைத்திருந்த சின்ன பிரிட்டிஷ் கம்பெனியை ஃபைசர் 2022-ல் 52.5 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு வாங்கியது. பாவமாக இருக்கும் என்று முதல் நாள் சொன்னது இதைத்தான்.

2024 டிசம்பர் 6

நேற்று எழுதியது ரொம்ப இருட்டாக வந்துவிட்டது, முழு உண்மையும் இல்லை. சைரெசோவிர் இருக்கிறது. ஷாங்காயின் ஆர்க் பயோசயின்சஸ். சீனாவில் ஆர்எஸ்வியோடு மருத்துவமனையில் சேர்ந்த, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஐந்து நாள் கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்ட முடிவு இந்த செப்டம்பரில்தான் வந்தது. மூச்சுத்திணறலை மதிப்பெண் போட்டு அளப்பார்கள். மூன்றாம் நாள் மருந்து எடுத்தவர்களுக்கு 3.4 புள்ளி இறங்கியது, போலி மருந்து எடுத்தவர்களுக்கு 2.7. பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருக்கிறது. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளிடம் வைரஸ் அதிக நாள் பெருகிக்கொண்டிருக்கும், அதனால் வெள்ளிக்கிழமைகூட அடிக்காத பொறிகள் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்பது என் ஊகம்.

அதிலும் ஒரு தொல்லை: மருந்து எடுத்த சில குழந்தைகளிடம் வைரஸ் மாறிக்கொண்டது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், ஆப்பு நழுவிவிடும். சில மாற்றங்கள் இன்னும் தந்திரமானவை. பொறியையே தொட்டால் அடிக்கிற அளவுக்கு மென்மையாக்கிவிடும், ஆப்பு உட்கார நேரமே கிடைக்காது.

2024 டிசம்பர் 8

ஆர்எஸ்வி ஆப்பு எங்கே உட்காருகிறது என்று கேட்டதற்கு: அடிக்காத பொறியின் நட்டநடுவில், மூன்று கால்களும் கூடும் பொந்தில். 2016-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜேசன் மெக்லெல்லன் குழுவும் ஜான்சன் ஆட்களும் காட்டினார்கள். அதற்கு முன் அடித்து மடியும் கட்டத்தில்தான் ஒட்டுகிறது என்று நினைத்தோம். 2012-ல் ஒரு செமினாரில் கலர் கலராகப் படம் போட்டு அந்தத் தவறான இடத்தை ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். கேட்ட மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், மன்னிக்கவும்.

அந்த அடிக்காத பொறியின் வடிவத்தையே 2013-ல் மெக்லெல்லன்தான் கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் 2023-ல் தடுப்பூசிகள் வந்தன. நிர்செவிமேப் என்ற ஆன்டிபாடியும் அடிக்காத பொறியைத்தான் பிடிக்கும். ஒரு ஊசி, ஒரு சீசன் முழுக்க இரத்தத்தில் நிற்கும். பெரிய சைஸ் ஆப்பு, ஆனால் திங்கட்கிழமைக்கு முன்பே உள்ளே இருக்கிறது.

2024 டிசம்பர் 9

அக்கா இந்த இழையைப் படித்துவிட்டாள். "நாலு மாதக் குழந்தை" என்று எழுதியது தப்பாம், நாலு மாதம் பதினொரு நாளாம். திருத்தச் சொன்னாள். இதோ, திருத்தம்.